வீட்டில் ஸ்ட்ரீமிங் இசையை முழுசாகக் கேட்க: ஆப் செட்டிங்ஸ் முதல் ஸ்பீக்கர் நிற்கும் இடம் வரை

மாதச் சந்தா கட்டுகிறோம், வீட்டில் ஃபைபர் இணைப்பும் இருக்கிறது. ஆனாலும் ஹாலில் பாட்டு ஓடும்போது குரல் கரகரக்கிறது, மிருதங்கம் பானையைத் தட்டுவதுபோல் கேட்கிறது, தாளவாத்தியங்கள் எல்லாம் ஒன்றாகக் குழைந்து விடுகின்றன. பதிவில் குறை இருப்பது அரிது. ஆப்பின் செட்டிங்ஸ், புளூடூத், ஸ்பீக்கரை வைத்திருக்கும் மூலை, டைல்ஸ் போட்ட வெற்று அறை என்று வழியில் ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது. இவற்றில் பெரும்பகுதியைக் காசு செலவில்லாமலே மீட்கலாம். அதனால் செலவில்லாத வேலைகளை முதலில் சொல்கிறேன், வாங்கவேண்டியவை பிறகு. இந்த வரிசையைத் தயவுசெய்து மாற்றாதீர்கள். எடுத்த எடுப்பில் விலை உயர்ந்த கருவி வாங்கி, அதைச் சுவர் மூலையில் திணித்து வைத்தால் பணம்தான் வீண்.

உதாரணத்துக்கு நம் ஊர் அடுக்குமாடிகளில் சாதாரணமாகக் காணும் ஒரு ஹாலை எடுத்துக்கொள்கிறேன்: 12 அடி நீளம், 10 அடி அகலம், சிமென்ட் சுவர், கான்கிரீட் கூரை, வழவழப்பான டைல்ஸ், மேலே ஃபேன்.

படி 1: சோதித்துப் பார்க்க மூன்று பதிவுகள்

எதை மாற்றினாலும் அதே மூன்று பதிவுகளைப் போட்டுத்தான் ஒப்பிட வேண்டும். ஒன்று, வரிக்கு வரி மனப்பாடமான ஒரு சினிமாப் பாட்டு. இரண்டு, பக்கவாத்தியம் குறைவாக, குரல் தனித்துக் கேட்கும் ஒரு பதிவு. மூன்றாவது, ரசிகர்கள் முன்னிலையில் பதிவான ஒரு கர்நாடகக் கச்சேரி. அதில் தனி ஆவர்த்தனம் இருந்தால் மிகவும் நல்லது.

கச்சேரியை ஏன் சேர்க்கச் சொல்கிறேன்? தம்புராவின் ரீங்காரத்தில் மெல்லிய மேற்சுரங்கள் அடுக்கடுக்காக எழுந்து அடங்கும். பிட்ரேட் (வினாடிக்கு வரும் டேட்டாவின் அளவு, கேபிபிஎஸ்ஸில் சொல்வது) குறைந்தால் முதலில் மங்குவது அதுதான். கைதட்டல் இன்னும் கறாரான சோதனை. நூற்றுக்கணக்கான தனித்தனி ஓசைகள் ஒழுங்கில்லாமல் வருவதால் சுருக்கும் மென்பொருளுக்கு அது பெரிய பாடு. 96 கேபிபிஎஸ்ஸில் கேட்டுப் பாருங்கள். கைகள் தட்டுவது தெரியாது, தண்ணீர் சலசலப்பதுபோல் இருக்கும். அதே பதிவை 320-ல் கேட்டால் உள்ளங்கைகள் மோதுவது தனித்தனியாகத் தெரியும்.

மிருதங்கம் ஸ்பீக்கருக்கும் அறைக்குமான சோதனை. வலது முகமான வலந்தலையின் நடுவில் பூசிய கறுப்புக் கரணை வெறும் தட்டோசையைச் சுருதியுள்ள நாதமாக மாற்றுகிறது. நம் மேளங்களின் மேற்சுரங்கள் இசைவாக அமைவதை சி.வி. ராமன் 1920-லேயே ஆய்ந்து எழுதினார். அந்தச் சுருதி உங்கள் வீட்டில் தெளிவாகக் கேட்கிறதா? இடது முகமான தொப்பியின் கும்கி ஓசை எழுந்து, வளைந்து, அடங்குகிறதா, இல்லை அடங்காமல் அறை முழுக்க ‘பூம்’ என்று நிற்கிறதா? இந்த இரண்டு கேள்விகளையும் கடைசிப் படி வரை கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: ஆப்பின் செட்டிங்ஸ்

பல ஆப்கள் டேட்டாவை மிச்சப்படுத்தும் நோக்கில் தரத்தைத் தாமே கூட்டிக் குறைத்துக்கொள்கின்றன. ஸ்பாட்டிஃபையில் மீடியா குவாலிட்டி பகுதிக்குப் போய் வைஃபைக்கான தரத்தை ஆட்டோமேட்டிக்கிலிருந்து எடுத்து, இருப்பதில் மேலானதில் வையுங்கள். அது பல ஆண்டுகளாக 320 கேபிபிஎஸ்ஸாக இருந்தது. 2025-ல் லாஸ்லெஸ்ஸும் (எதையும் இழக்காமல் சுருக்கும் முறை) வந்தது, 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் வரை. உங்கள் சந்தாவில் அது அடக்கமா என்று பாருங்கள். ஆப்பிள் மியூசிக்கில் 2021 முதல் லாஸ்லெஸ் கூடுதல் கட்டணமில்லாமல் கிடைக்கிறது; ஆனால் ஆடியோ குவாலிட்டி பகுதியில் நீங்களே போய் ஆன் செய்யவேண்டும். செய்யாதவரை வருவது 256 கேபிபிஎஸ் ஏஏசி. யூடியூப் மியூசிக்கின் உச்சமும் 256 தான். அதில் ‘ஆல்வேஸ் ஹை’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

அதே பக்கங்களில் இன்னும் மூன்றைக் கவனியுங்கள். ஒலியைச் சுற்றிலும் பரப்பிக் காட்டும் டால்பி அட்மாஸை அணைத்துவிடுங்கள். இரண்டு ஸ்பீக்கரில் கேட்பவருக்கு அட்மாஸ் கலவை பெரும்பாலும் குரலைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது; ஸ்ட்ரீமிங்கில் அது லாஸ்லெஸ்ஸும் அல்ல. தாழ்ந்த, உயர்ந்த சுரங்களைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் ஈக்வலைசரையும் இப்போதைக்கு அணையுங்கள். போனின் சொந்த சவுண்டு எஃபெக்ட் ஏதாவது ஓடினால் அதையும் சேர்த்து.

வால்யூம் நார்மலைசேஷன் பற்றிப் பல ஆடியோ ஆர்வலர்கள் ‘அணைத்துவிடு’ என்பார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். பழைய பாட்டு மெதுவாகவும் புதுப் பாட்டு காதைப் பிளப்பதாகவும் வருவதை அது சமன் செய்கிறது. ஸ்பாட்டிஃபையில் ‘லவுட்’ என்பதை மட்டும் தவிர்த்து ‘நார்மல்’ வைத்தால் இசையின் ஏற்ற இறக்கம் கெடாது. இரண்டு ஆப்களை ஒப்பிடும்போதும் இதை மறக்கக் கூடாது. சத்தம் ஒரு டெசிபெல் கூடினாலே அது தரம் கூடியதாகக் காதுக்குப் படும்.

எவ்வளவு உயர்ந்த தரம் போதும்?

சி.டி. தரம் போதும். 1982-ல் கடைக்கு வந்த சி.டி.யின் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் அளவு மனிதக் காதின் உச்சமான 20 கிலோஹெர்ட்ஸையும் தாண்டிப் பதிவுசெய்யும். மெல்லிய ஒலிக்கும் பெரிய ஒலிக்கும் இடையில் 96 டெசிபெல் இடம் தரும். ஃபேன் சுற்றும் நம் ஹாலில் அதில் பாதியைப் பயன்படுத்தினாலே பெரிது. 2007-ல் அமெரிக்காவில் மேயர், மோரன் இருவரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உயர்தரப் பதிவு ஒன்று நேராகவும், சி.டி. தரத்துக்கு இறக்கியும் ஒலிக்கும். கேட்பவர் எது எதுவென்று சொல்லவேண்டும். 554 முறை கேட்டதில் 276 முறை சரியான விடை. நாணயம் சுண்டினாலும் ஏறக்குறைய அதே கணக்குத்தான் வரும்.

ஆகவே 192 கிலோஹெர்ட்ஸ் என்ற எண்ணைத் துரத்தவேண்டாம். துரத்தவேண்டியது நல்ல மாஸ்டரை, அதாவது வெளியீட்டுக்கென்று தயாரித்த இறுதிப் பதிப்பை. இதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. ஒரே பழைய பாட்டு ஆப்பில் நாலைந்து ஆல்பங்களில் இருக்கும்: மூலப் படத்தின் ஆல்பம், ‘ஹிட்ஸ்’ தொகுப்பு, ‘ரீமாஸ்டர்’ என்று இன்னொன்று. ஒன்று நல்ல டேப்பிலிருந்து வந்திருக்கும், இன்னொன்று தேய்ந்த இசைத்தட்டிலிருந்து எடுத்து இரைச்சலோடு உயிரையும் சேர்த்து வடிகட்டியதாக இருக்கும். லாஸ்லெஸ் முத்திரை இரண்டின் மேலும் இருக்கலாம். பத்து நிமிடம் செலவழித்து எல்லாவற்றையும் கேட்டு, நல்லதை மட்டும் பிளேலிஸ்ட்டில் சேருங்கள். 256-லிருந்து லாஸ்லெஸ்ஸுக்கு மாறுவதைவிட இதில் தெரியும் வித்தியாசம் பல மடங்கு பெரிது.

டேட்டா கணக்கையும் சொல்லிவிடுகிறேன். சுருக்காத சி.டி. தரம் 1,411 கேபிபிஎஸ், மணிக்குச் சுமார் 635 எம்.பி. ஃபிளாக், ஆலாக் போன்ற லாஸ்லெஸ் முறைகளில் அது ஏறத்தாழ பாதியாகச் சுருங்கும். 320 கேபிபிஎஸ்ஸுக்கு மணிக்கு 144 எம்.பி. வீட்டு பிராட்பேண்டுக்கு இது ஒன்றுமில்லை. தினம் 1.5 ஜி.பி. பேக்கில் ஓட்டுபவர்கள் வெளியில் போகும்போது 320-லேயே இருங்கள்.

படி 3: புளூடூத்தை விடுங்கள், முடியாவிட்டால் ஒழுங்குபடுத்துங்கள்

லாஸ்லெஸ் பாட்டை புளூடூத்தில் அனுப்பினால், போன் அதை விரித்து மறுபடியும் எஸ்பிசி அல்லது ஏஏசியாகச் சுருக்கித்தான் அனுப்புகிறது. எஸ்பிசி சாதாரணமாக 328 கேபிபிஎஸ்ஸுக்கு மேல் போகாது. ஐபோனில் இந்த இரண்டு முறைகள்தான். ஆண்ட்ராய்டில் 8-ஆம் பதிப்பிலிருந்து எல்டாக் இருக்கிறது, 990 கேபிபிஎஸ் வரை. ஆனால் ஸ்பீக்கரிலும் அது இருக்கவேண்டும். சுற்றிலும் பத்து வீட்டு வைஃபை நெரிசலில் எல்டாக் தானாகவே 660-க்கும் 330-க்கும் இறங்கிவிடும். போனை ஸ்பீக்கருக்கு அருகில் வையுங்கள். வீட்டு வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் புளூடூத் ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இடம் கிடைக்கும். போனின் வால்யூமை முழுசாக ஏற்றிவிட்டு ஸ்பீக்கரில் குறைத்துக்கொள்ளுங்கள்.

வைஃபை ஸ்பீக்கர் இருந்தால் ஸ்பாட்டிஃபை கனெக்ட், கூகுள் காஸ்ட், ஏர்பிளே இவற்றில் எது கிடைக்கிறதோ அதைப் பயன்படுத்துங்கள். முதல் இரண்டிலும் ஸ்பீக்கரே நேராக இணையத்திலிருந்து பாட்டை எடுத்துக்கொள்ளும். போன் ரிமோட் மாத்திரம். அழைப்பு வந்தாலும் பாட்டு நிற்காது.

எல்லாவற்றிலும் எளியது ஒரு வயர். யுஎஸ்பி-சியிலிருந்து 3.5 மி.மீ. ஜாக்குக்கு மாற்றும் சின்ன டாங்கிள்கள் பலவற்றுக்குள் ஒரு டேக், அதாவது எண்களை ஒலியலையாக மாற்றும் சில்லு, இருக்கிறது. ஆப்பிள் விற்கும் டாங்கிள் அளவீடுகளில் அதைப்போலப் பல மடங்கு விலையுள்ள பெட்டிகளோடு நிற்கும். சில ஆண்ட்ராய்டு போன்களில் மட்டும் அதன் சத்தம் மிகக் குறைவாக வரும், ஆகவே வாங்குமுன் உங்கள் போனில் சொருகிப் பாருங்கள். அங்கிருந்து 3.5 மி.மீ. – ஆர்சிஏ வயர் ஒன்று போட்டு ஆம்பின் ஆக்ஸ் உள்ளீட்டில் கொடுத்தால் வேலை முடிந்தது. வீட்டில் அப்பா காலத்து கேசட் செட் ஒன்று ஆம்ப், ஸ்பீக்கரோடு பரணில் கிடந்தால் இறக்கிப் பாருங்கள். ஸ்பீக்கர் கூம்பைச் சுற்றியுள்ள ஸ்பாஞ்ச் வளையம் பொடிந்திருந்தாலும் மாற்றிக்கொள்ளலாம்; ரப்பர் வளையமாக இருந்தால் இன்னும் நல்ல நிலையிலேயே இருக்க வாய்ப்பு உண்டு.

படி 4: ஸ்பீக்கர் எங்கே நிற்கிறது?

அதிக நேரத்தை இங்கே கொடுங்கள். ஸ்பீக்கரை ஓரடி நகர்த்துவதில் தெரியும் மாற்றம் எந்தக் கருவியை மாற்றினாலும் தெரியாது.

முதலில் வயரைச் சரிபாருங்கள். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சிவப்பும் கறுப்பும் மாறியிருந்தால், ஒரு கூம்பு முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். பேஸ் காணாமல் போகும், குரல் நடுவில் நிற்காமல் தலையைச் சுற்றி மிதக்கும். பழைய மோனோ பாட்டு ஒன்றைப் போடுங்கள். குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்டநடுவில் ஒரே புள்ளியில் நின்றால் இணைப்பு சரி.

இனி நம் ஹால். ஸ்பீக்கர்களை 10 அடிச் சுவர்ப் பக்கம் வைத்து, 12 அடி நீளத்தை நோக்கிப் பாடவிடுங்கள். இரண்டுக்கும் இடையே 6 அடி, பக்கச் சுவர்களிலிருந்து 2 அடி, பின்சுவரிலிருந்து ஒன்றரை அடி. பின்சுவர்த் தூரமும் பக்கச்சுவர்த் தூரமும் சமமாக இருக்கவேண்டாம். சமமானால் இரண்டு சுவர்களும் ஒரே சுரத்தைத் தூக்கிவிடும். நீங்கள் உட்காரும் இடம் எதிர்ச் சுவரிலிருந்து நாலரை அடி முன்னே. இப்போது இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் ஏறத்தாழ ஒரு சமபக்க முக்கோணம். ஸ்பீக்கர்களை உங்களை நோக்கி லேசாகத் திருப்புங்கள். கீச்சுச் சுரங்களை ஒலிக்கும் சின்ன ட்வீட்டர் காது உயரத்தில் இருக்கட்டும். பாய் விரித்துத் தரையில் உட்கார்ந்து கேட்பவர்களுக்கு அந்த உயரம் குறையும் என்பதையும் கணக்கில் எடுங்கள். டிவி ஸ்டாண்டு தாழ்வாக இருந்தால் ஸ்பீக்கரின் முன்பக்கத்துக்கு அடியில் ரப்பர் துண்டு வைத்துச் சற்று நிமிர்த்தலாம்.

அந்த நாலரை அடி எதற்கு? எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையில் தாழ்ந்த சுரங்கள் நிலையலைகளாக நின்றுவிடும். 12 அடி நீளத்துக்கு அது 47 ஹெர்ட்ஸ் அளவில், 10 அடி அகலத்துக்கு 56 ஹெர்ட்ஸ் அளவில். கூரை உயரமும் 10 அடியை ஒட்டி இருந்தால் 56-ல் இரண்டு அலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொள்ளும். சுவரை ஒட்டி உட்கார்ந்தால் அந்தச் சுரம் மட்டும் பூதாகாரமாகக் கேட்கும். அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் அதே சுரம் கேட்கவே கேட்காது. இரண்டுக்கும் இடைப்பட்ட இடம்தான் நமக்கு வேண்டியது. நம் வீடுகளில் சோபா பெரும்பாலும் சுவரோடு ஒட்டியே கிடக்கிறது. நாலரை அடி இழுக்க வழியில்லை என்றால், கேட்கும் நேரத்துக்கு மட்டும் ஒரு நாற்காலியை முன்னே போட்டு உட்காருங்கள். தனி ஆவர்த்தனத்தை ஓடவிட்டு, நாற்காலியை அரையடி அரையடியாக முன்னும் பின்னும் நகர்த்துங்கள். தொப்பியின் ஒலி ‘பூம்’ விட்டு ‘தோம்’ என்று அடங்கும் இடம் சட்டென்று பிடிபடும். அங்கே தரையில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டுவையுங்கள்.

சவுண்டுபார் அல்லது ஒற்றை ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கு முக்கோணம் பொருந்தாது. மூலையிலிருந்து வெளியே எடுத்து, அலமாரிக்குள் அடைத்து வைக்காமல், முன்விளிம்பில் வைத்தாலே கணிசமாகத் தெளியும்.

படி 5: அறையை அடக்குங்கள்

ஹால் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். தட்டலுக்குப் பின் ‘ட்ரிங்’ என்று வால் நீண்டால் சுவருக்கும் சுவருக்கும் இடையே ஒலி எகிறிக்கொண்டிருக்கிறது. பாட்டின் சொற்கள் மழுங்குவது இதனால்தான்.

உங்களுக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே தரையில் தடித்த விரிப்பு ஒன்று. பவானி ஜமக்காளம் ஒன்றை மட்டும் விரித்தால் கீச்சுச் சுரங்கள் மட்டும் கொஞ்சம் அடங்கும். இரண்டாக மடித்து, அடியில் ஒரு பழைய கம்பளியும் போட்டால் இன்னும் கீழே வரை வேலை செய்யும். ஜன்னலுக்கு மெல்லிய திரைக்குப் பதில் கனத்த திரை, நிறைய மடிப்பு விழும்படி. பின்சுவரில் புத்தக அலமாரி இருந்தால் நல்லது, ஒழுங்கில்லாமல் அடுக்கிய புத்தகங்கள் ஒலியைச் சிதறடிக்கும். பக்கச் சுவரில் ஒருவர் கண்ணாடியை நகர்த்திக்கொண்டு போக, உட்கார்ந்த இடத்திலிருந்து எந்த இடத்தில் ஸ்பீக்கர் தெரிகிறதோ, ஒலி முதலில் எகிறுவது அங்கேதான். கனத்த துணி தொங்கவிட அதுவே சரியான இடம்.

இலவம்பஞ்சு மெத்தை இருந்தால், கேட்கும் நேரத்தில் சுருட்டி மூலையில் நிறுத்திப் பாருங்கள். அடித்தளப் பேஸை அது அசைக்காது, அந்த அலைகள் ஆறு மீட்டர் நீளம். ஆனால் ஆண் குரலின் கனமும் தபேலாவின் உடலும் இருக்கும் இடைப்பகுதி நன்றாகத் தெளியும். முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டுவதால் பயனில்லை. ஒலியை உறிஞ்ச அதில் கனமே கிடையாது.

ஃபேனை ஒரு புள்ளி குறையுங்கள். தம்புரா அப்போதுதான் வெளியே வரும்.

படி 6: ‘உம்ம்’ சத்தம்

பாட்டு இல்லாதபோதும் ஸ்பீக்கர் உறுமினால் மின்சாரத்தைப் பாருங்கள். லேப்டாப்பை ஆம்போடு இணைத்திருந்தால் சார்ஜரைக் கழற்றுங்கள். உறுமல் நின்றால் எர்த் சுற்று ஒன்று உருவாகியிருக்கிறது என்று பொருள். இரண்டு கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகினால் பெரும்பாலும் தீரும். தீராவிட்டால் எலெக்ட்ரீஷியனை அழைத்து வீட்டு எர்த்தைச் சோதியுங்கள். மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை வெட்டிவிடுவது உயிருக்கே ஆபத்து, யார் சொன்னாலும் செய்யாதீர்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஓடும்போது மட்டும் உறுமல் வந்தால் அது ஸ்குவேர் வேவ் இன்வெர்ட்டராக இருக்கும். அடுத்தமுறை மாற்றும்போது சைன் வேவ் வாங்குங்கள்.

படி 7: கடைசியாக ஈக்வலைசர்

இடமும் அறையும் சரியான பிறகும் ஒரு சுரம் துருத்திக்கொண்டு நின்றால் அப்போது ஈக்வலைசரைத் திறக்கலாம். ஏற்றாதீர்கள், இறக்குங்கள். 50–60 ஹெர்ட்ஸ் பக்கம் மூன்று நான்கு டெசிபெல் குறைத்தாலே பேஸ் இறுகும். கேட்காமல் போன சுரத்தை ஏற்றிக் கொண்டுவர முயன்றால் ஆம்ப்தான் திணறும். அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் இடத்தில் எவ்வளவு கொடுத்தாலும் அழியும். கணினி இருந்தால் ‘ரூம் ஈக்யூ விசார்ட்’ என்ற இலவச மென்பொருளும் ஓர் அளவீட்டு மைக்கும் போதும், அறையின் மேடு பள்ளம் வரைபடமாகவே வந்துவிடும்.

இனி வாங்குவதென்றால்

ஸ்பீக்கருக்கே பெரும்பங்கு. பெட்டியில் ‘பிஎம்பிஓ’ என்று ஆயிரக்கணக்கில் போட்டிருக்கும் வாட்ஸ் கணக்கைப் பார்க்கவேண்டாம். தொடர்ந்து தரக்கூடிய சக்தியான ஆர்எம்எஸ் எவ்வளவு என்று கேளுங்கள். நம் 12 அடி ஹாலுக்குச் சானலுக்கு 20 முதல் 30 வாட்ஸ் ஆர்எம்எஸ் தாராளம். ஆம்ப் உள்ளேயே இருக்கும் ஆக்டிவ் ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கினால் வயர் தொல்லை குறையும். ஆம்ப் தனி, ஸ்பீக்கர் தனி என்றால் பின்னாளில் ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். சென்னை ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்த ஆம்பும் கிடைக்கும். சத்தத்தை ஏற்றிக் காட்டுவார்கள். நீங்கள் குறைத்துக் கேளுங்கள். பாட்டு இல்லாமல் வால்யூமை மட்டும் திருகி, இரைச்சல் எவ்வளவு என்றும் காதை வைத்துப் பாருங்கள்.

ஸ்பீக்கர் வயர் பத்துப் பதினைந்து அடிக்கு 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி போதும், எலெக்ட்ரிக்கல் கடையிலேயே மீட்டர் கணக்கில் வாங்கலாம். கடைக்குப் போகும்போது உங்கள் மூன்று பதிவுகளையும் போனில் லாஸ்லெஸ்ஸாக டவுன்லோடு செய்துகொண்டு, டாங்கிளையும் எடுத்துப் போங்கள். கடைக்காரர் போடும் பாட்டு அந்த ஸ்பீக்கருக்குப் பொருத்தமாகப் பார்த்து எடுத்துவைத்ததாக இருக்கும். உங்கள் கச்சேரியைப் போடச் சொல்லி, கைதட்டல் வரும்வரை உட்கார்ந்து கேட்டுவிட்டு விலை பேசுங்கள். வீட்டு அறையில் ஒத்துவராவிட்டால் திருப்பித் தரலாமா என்பதை பில் போடும் முன்பே கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.